தம்பியின் கால் போனது யாரால்? ஓர் அக்காவின் கடிதத்துக்குப் பதில்

நான்கு பக்கத்தில், கையெழுத்தில், யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். ஊர், வைத்தியசாலைகள், ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 26 வயது. மேசன் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு மாலை, 6.15 மணியளவில், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது ஒரு ஹயஸ் வான் குறுக்கே திரும்பி மோதியது. விழுந்து கிடந்தவரின் இடது முழங்கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஓட்டோவில் ஏற்றும்போது “டக்” என்ற சத்தத்துடன் கால் தானாக நேரானது. முழங்காலுக்குக் கீழே சின்னக் காயம். அதிலிருந்து இரத்தம் வந்ததால் அக்கா தன் சோல் (தோளில் போடும் சால்வை) ஒன்றை எடுத்துத் தொடையில் இறுக்கிக் கட்டினார். 7 மணிக்கு அருகிலிருந்த வைத்தியசாலை. கட்டை அவிழ்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறிவில்லை என்றார்கள், பிளாஸ்டர் வைத்து விடுதியில் விட்டார்கள். இரவு 11 மணிக்குத் தாங்க முடியாத வலி, ஊசி போட்டார்கள். 2 மணிக்குத் தம்பி “விரல் மரத்துப்போச்சு” என்றார். “கட்டு இறுக்கம், காலையில் பார்க்கலாம்” என்று பதில் வந்தது. 5.30க்குப் பாதம் வெள்ளை வெளேரென்று குளிர்ந்து கிடப்பதை வைத்தியர் கண்டார். 6.30க்கு அம்புலன்ஸ். பெரிய வைத்தியசாலையில் 8.45க்குச் சத்திரசிகிச்சைக்கு எடுத்தார்கள். நான்காம் நாள் முழங்காலுக்கு மேலே காலை அகற்றினார்கள்.

அக்காவின் கேள்விகள் இவை. முதல் வைத்தியசாலை அனுப்பிய கடிதத்தில், இரவு 7.20க்குப் “பாதத்தில் நாடித்துடிப்பு உண்டு” என்று எழுதியிருக்கிறதே, அது பொய்யா? இரத்தம் பெரிதாக வெளியே வரவில்லை என்பதால், நாடி (இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுவரும் குழாய்) அறுந்தது சத்திரசிகிச்சையின்போதுதானா? கெண்டைக்காலின் இரு பக்கமும் ஏன் கிழித்தார்கள்? நல்லாயிருந்த வலது காலையும் ஏன் வெட்டினார்கள்? தான் கட்டிய சோல்தான் காரணம் என்று அயலில் கதைக்கிறார்களே, உண்மையா? பொலிஸ் படிவத்தில் “கடுங்காயம்” என்று மட்டும் ஏன் இருக்கிறது? வான்காரர் 3 இலட்சம் தந்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார், போடலாமா? கடைசி வரியாக இதையும் எழுதியிருக்கிறார்: “இல்லாத கால்விரல் நோகுது என்று இரவில் அழுகிறான். இவனுக்குப் புத்தி பேதலிச்சிட்டுதோ என்று அம்மா பயப்படுறா.”

தங்கச்சி, சோலில் இருந்து தொடங்குகிறேன். நீங்கள் ஐந்து மாதமாகச் சுமக்கிற பாரம் அதுதான் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது; மற்ற எல்லாவற்றையும் மைப்பேனாவில் எழுதிவிட்டு அதை மட்டும் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கட்டியதால் உங்கள் தம்பியின் கால் போகவில்லை. தொடையில் இறுக்கிக் கட்டிய கட்டு 2 மணித்தியாலத்துக்குள் அவிழ்க்கப்பட்டால், அதனால் மட்டும் கால் போவது மிக மிக அரிது. உங்கள் கட்டு ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை. காயத்தை நேரே அழுத்திப் பிடிப்பது முதல் வழி, அதற்கும் இரத்தம் நிற்காவிட்டால்தான் மேலே இறுக்கிக் கட்டுவது, கட்டிய நேரத்தை வைத்தியரிடம் சொல்வது என்பது முறை. அந்த இருட்டில் வீதியோரத்தில் நின்று நீங்கள் செய்தது பிழையான காரியமில்லை. அயலாருக்கு இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, காலுக்குள் என்ன நடந்தது?

முழங்காலுக்குப் பின்னால், மடிப்பின் பள்ளத்தில், ஒரு பெரிய நாடி ஓடுகிறது. தொடையிலிருந்து வரும் அந்தக் குழாய் முழங்காலுக்கு மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் தசைநார்களுக்குள் இறுகப் பிடிபட்டிருக்கிறது. இடையில் மூட்டு விலகினால் நாடிக்கு நகர இடமில்லை, இழுபடும். இழுபடும்போது வெளிச்சுவர் தாங்கிக்கொண்டு, உட்படை மட்டும் கிழிவது உண்டு. அதனால்தான் வெளியே இரத்தம் கொட்டவில்லை. கிழிந்த உட்படையில் குருதி கொஞ்சம் கொஞ்சமாக உறையும். முதல் ஒரு மணித்தியாலம், ஏன் பல மணித்தியாலம்கூட, குருதி ஓடிக்கொண்டிருக்கலாம். பிறகு அடைத்துவிடும். பெரிய நாடி அடைத்தால் கீழே ஓட வேறு பாதைகள் அங்கே குறைவு.

ஆகவே 7.20க்கு எழுதிய “நாடித்துடிப்பு உண்டு” என்பது உண்மையாகவே இருந்திருக்கலாம். அதைப் பொய் என்று எடுத்தவுடன் சொல்லாதீர்கள். உங்கள் பக்கத்து நியாயத்தையே அது பலவீனமாக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: 7.20க்குப் பிறகு 5.30 வரை அந்தப் பாதத்தை யாராவது மறுபடி தொட்டுப் பார்த்தார்களா? பார்த்தால், எத்தனை மணிக்கு, எங்கே எழுதினார்கள்?

ஓட்டோவில் கேட்ட அந்த “டக்” சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலகிய மூட்டு தானாகவே உள்ளே போன சத்தம் அது. அப்படிப் போய்விட்டால் எக்ஸ்ரேயில் எல்லாம் ஒழுங்காகத் தெரியலாம், எலும்பும் முறியாமல் இருக்கலாம். “முறிவில்லை” என்ற சொல்லில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடும். ஆனால் விலகிய முழங்கால், எக்ஸ்ரே எவ்வளவு நல்லாயிருந்தாலும், நாடிக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட வேண்டிய கால். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு, 0.9க்குக் கீழே வந்தால் சி.ரி. ஸ்கானில் நாடியைப் பார்ப்பது வழக்கமான முறை. பாதம் குளிர்ந்து வெளுத்து, துடிப்பும் இல்லாவிட்டால் ஸ்கானுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது; நேரே சத்திரசிகிச்சைதான். மூட்டு விலகியிருந்தது என்று நீங்கள் அங்கே யாரிடமாவது சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருந்தால் யாரிடம், எப்போது என்று நினைவுபடுத்தி எழுதிவையுங்கள். சொல்லாவிட்டால் அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். கேட்டறிவது வைத்தியர்களான எங்கள் வேலை.

நான் சத்திரசிகிச்சை விடுதியில் தொடங்கி, பிறகு சட்ட வைத்தியப் பக்கம் வந்தவன். பயிற்சிக் காலத்தில் ஒரு மூத்த தாதி எனக்குப் பழக்கித் தந்தது இன்றும் கைவிடாத பழக்கம்: பாதத்தின் மேற்பக்கம் துடிப்பை விரலில் பிடித்த இடத்தில் பேனாவால் சின்ன சிலுவைக்குறி போடுவது. அடுத்த முறை வருகிறவர் அந்தக் குறியில் விரல் வைத்தால் போதும், இருக்கிறதா இல்லையா என்று அரை நிமிடத்தில் தெரியும். பக்கத்தில் நேரத்தை எழுத வேண்டும். செலவு எதுவும் இல்லை. உங்கள் தம்பியின் பாதத்தில் அப்படி ஒரு குறி இருந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

ஏனென்றால் நேரம்தான் இங்கே எல்லாம். குருதி முற்றாக நின்றால் நரம்பு முதலில் சோர்கிறது, மரத்துப்போவது அதனால்தான். தசை ஏறத்தாழ 6 மணித்தியாலம் தாங்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணியும் இழப்புத்தான். இரவு 2 மணிக்குத் தம்பி சொன்ன அந்த வார்த்தை, “விரல் மரத்துப்போச்சு” என்றது, மருத்துவக் கண்ணில் இந்தக் கடிதத்தின் மிக முக்கியமான வரி.

கெண்டைக்காலின் இரண்டு வெட்டுகள்

அவை காலைக் காப்பாற்றப் போட்ட வெட்டுகள். முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளில் இருக்கின்றன. அறைச் சுவர்கள் விரியாதவை. நீண்ட நேரம் குருதியில்லாமல் கிடந்த தசைக்கு மறுபடி குருதி வந்தால் அது வீங்கும். வீங்க இடமில்லாமல் உள்ளுக்குள்ளேயே நெரிபட்டுச் சாகும். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று நீளமாகத் திறந்துவிட்டால் நான்கு அறையும் தளரும். அந்தப் புண்களைத் தைக்காமல் விடுவதும் வேண்டுமென்றுதான்.

வலது காலில் ஏன் கைவைத்தார்கள்

அடைத்த நாடித் துண்டை அகற்றினால் இடையை இணைக்க ஒரு குழாய் வேண்டும். அதற்கு மிக நல்லது நோயாளியின் சொந்த நாளம், அதாவது குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை வரை தோலுக்குக் கீழே ஓடுகிற நீண்ட நாளம். அதற்குள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் வால்வுகள் இருப்பதால் தலைகீழாகத் திருப்பித் தைப்பார்கள். அடிபட்ட காலில் எடுக்காததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலின் ஆழ்நாளமும் சிதைந்திருந்தால், மேல்நாளம்தான் குருதி திரும்பிப்போக மிஞ்சிய வழி. அதையும் எடுத்துவிடக் கூடாது. நல்ல காலைத் தொட்டது கவனக்குறைவு இல்லை, முறையான சிகிச்சை. அதை அன்றைக்கே ஒருவர் உங்களுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கியிருக்க வேண்டும். விளக்காதது எங்கள் பக்கத்துக் குறை.

கடைசியில் காலை எடுத்ததும் அப்படித்தான். செத்த தசையிலிருந்து பொட்டாசியமும் தசை நிறமிகளும் குருதியில் கலந்தால் இதயம் நிற்கலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். அந்த நிலையில் காலா உயிரா என்றால் உயிர்தான். காலை அகற்றிய வைத்தியரை நீங்கள் கடிதத்தில் மிகக் கடுமையாக ஏசியிருக்கிறீர்கள். இவ்வளவையும் வாசித்த பிறகு, தம்பி உயிரோடு இருப்பதில் அவருக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. இந்த நாடி எந்தக் காலத்திலும் பொல்லாத நாடி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினரின் 2,471 நாடிக் காயங்களைப் பற்றி டிபேக்கி, சிமியோன் என்ற இரண்டு சத்திரசிகிச்சை வைத்தியர்கள் 1946இல் எழுதினார்கள். நாடியைக் கட்டிவிடுவதுதான் அன்று வழக்கம். ஏறத்தாழ பாதிப்பேர் கை அல்லது காலை இழந்தார்கள். முழங்கால் நாடி என்றால் நூற்றுக்கு எழுபதுக்கு மேல். கொரியப் போரில் நாடியைத் தைத்துச் சரிசெய்யத் தொடங்கியதும் மொத்தக் கணக்கு 13 வீதமளவுக்கு இறங்கியது. அதாவது தைத்தால் காப்பாற்றலாம். ஆனால் நேரத்துக்குத் தைத்தாலும் எல்லாக் காலும் மிஞ்சுவதில்லை. வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு சொல்லப்போவதும் இதைத்தான்.

வழக்கு இரண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்

உங்கள் கடிதத்தில் வான்காரரும் வைத்தியசாலையும் ஒரே கோபத்தில் கலந்து கிடக்கிறார்கள். சட்டத்தில் அவை வேறு வேறு.

வான் சம்பந்தமானதில் பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் தொடுப்பது குற்ற வழக்கு. தண்டனை அங்கே. நட்டஈடு கேட்பது மாவட்ட நீதிமன்றத்தில், தனியாக. வாகனத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால் பெரும்பாலும் பணம் வரவேண்டிய இடம் காப்புறுதி நிறுவனம். அப்படியிருக்க, “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதிய தாளில் 3 இலட்சத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். 26 வயதில் முழங்காலுக்கு மேலே கால் போன ஒரு மேசன் சாரத்தில் ஏற முடியாது. செயற்கைக் கால் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். தேயும், உடையும், மிஞ்சிய கால் மெலிந்தால் பொருந்தாது. இதையெல்லாம் கணக்குப் போடாமல் எந்தத் தொகைக்கும் சம்மதிக்க வேண்டாம். செலவுக்கு இடர்படுகிறீர்கள் என்பது புரிகிறது. இடைக்காலச் செலவுக்கென்று எதையாவது வாங்குவதானால் சட்டத்தரணி எழுதிய தாளில் வாங்குங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் உண்டு.

பொலிஸ் படிவத்தைப் பற்றி. “கடுங்காயம்” என்பது சின்னச் சொல் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவில் அதற்குப் பட்டியல் இருக்கிறது: ஓர் உறுப்பை இழப்பது, மூட்டு விலகுவது, 20 நாள் வழமையான வேலை செய்ய முடியாமல் போவது எல்லாம் அதற்குள் வரும். உயிருக்கு ஆபத்தான காயமும் அங்கேதான் வருகிறது. ஆனால் அந்தப் படிவத்தின் திகதியைப் பாருங்கள். முதல் இரவு நிரப்பியதாக இருந்தால் அதில் இருப்பது அன்றைக்குக் கண்ட முழங்கால் காயம் மட்டும்தான். நாடியும் இல்லை, அகற்றிய காலும் இல்லை. சட்ட வைத்திய அதிகாரி தம்பியை மறுபடி பரிசோதித்து, சத்திரசிகிச்சைக் குறிப்பையும் பார்த்து முழு அறிக்கை எழுத வேண்டும். நீதிமன்றத்துக்குப் போவது அந்த அறிக்கை. வழக்கை நடத்தும் பொலிஸாரிடமும் உங்கள் சட்டத்தரணியிடமும் இதைக் கேளுங்கள். நாடி இழுபட்டுக் கிழிந்ததா, கூரான ஒன்றால் வெட்டுப்பட்டதா என்பதைக் கண்ணால் கண்டவர் சத்திரசிகிச்சை செய்தவர்தான். இனி யாரும் அந்த நாடியைப் பார்க்க முடியாது. அவர் எழுதிய நாலு வரி உங்கள் இரண்டு வழக்குக்கும் சாட்சி. வான்காரரின் சட்டத்தரணி “கால் போனது வைத்தியசாலையால், விபத்தால் இல்லை” என்று வாதாட நினைத்தாலும் அந்த நாலு வரிதான் பதில் சொல்லும்.

வைத்தியசாலை மீது வழக்கு வைக்கலாமா?

வைக்க உரிமை இருக்கிறது. அரச ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் “கால் போனது, ஆகவே கவனக்குறைவு” என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது. மூன்றையும் காட்ட வேண்டும்: கவனிக்க வேண்டிய கடமை, அதில் தவறியது, அந்தத் தவறால்தான் இழப்பு நேர்ந்தது. மூன்றாவதில்தான் வழக்குகள் விழுகின்றன. குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக, இறந்துபோன ஒரு சிறுமியின் தந்தை தொடுத்த வழக்கு இலங்கையில் எல்லாருக்கும் தெரிந்தது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் தீர்த்தது, மேன்முறையீட்டில் அது பெரிதாகக் குறைந்தது, உயர் நீதிமன்றத்தில் வழக்கே தள்ளுபடியானது. சொல்லப்பட்ட கவனக்குறைவுதான் மரணத்துக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி இப்படி வரும்: இரவு 11 மணிக்கோ 2 மணிக்கோ கண்டுபிடித்து அனுப்பியிருந்தால் கால் மிஞ்சியிருக்குமா?

உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால், 11 மணியும் 2 மணியும் பதில் சொல்லப்பட வேண்டிய நேரங்கள் என்றே நினைக்கிறேன். 11 மணிக்கு நாடி இன்னும் முற்றாக அடைத்திருக்காது என்பதற்கும் இடமிருக்கிறது. மரத்துப்போன காலில் கட்டைத் தளர்த்திப் பார்க்காமல் காலை வரை விட்டதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. ஆனால் மறுபக்கத்தை நான் கேட்கவில்லை. அன்றிரவு அந்த விடுதியில் எத்தனை நோயாளிகள், எத்தனை தாதியர், வேறு யார் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரியாது. அதனால் முதலில் தாள்கள்.

தம்பியின் பெயரில், அவர் கையெழுத்தோடு, இரண்டு வைத்தியசாலைகளிலும் பி.எச்.ரி. (விடுதியில் நோயாளியைப் பற்றி எழுதும் பதிவேடு) பிரதியைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம், இதற்குப் பயன்படும். இன்னொருவரின் மருத்துவப் பதிவைக் கேட்டால் மறுக்கலாம், தம்பி தன்னுடையதைக் கேட்டால் அந்தத் தடை இல்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்கும்போது வைத்தியர் குறிப்பு மட்டும் போதாது. தாதியர் குறிப்பு, ஊசி போட்ட நேரம் பதிந்த தாள், சத்திரசிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துத் தாள், அம்புலன்ஸ் பதிவு எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 11 மணி ஊசியின் பதிவு மிக முக்கியம். வலி எப்போது கூடியது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

இதோடு, இன்றைக்கே ஒரு கொப்பியில் அந்த இரவை மணிக்கு மணி எழுதுங்கள். உங்கள் கைத்தொலைபேசியில் அன்றிரவு யாரை எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்ற பதிவு இருந்தால் படமெடுத்து வையுங்கள். 2 மணிக்கு அம்மாவுக்குச் சொன்னீர்களே, அதுவும் அதில் இருக்கும்.

காலக்கெடு இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இப்படியான நட்டஈட்டு வழக்குக்குக் கொடுக்கிற நேரம் அவ்வளவுதான். ஐந்து மாதம் போய்விட்டது. அரசுக்கு எதிராகப் போவதானால் வழக்குக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். இலங்கை மருத்துவ சபைக்கும் முறையிடலாம். வைத்தியரின் நடத்தையை அவர்கள் விசாரிப்பார்கள், நட்டஈடு தரமாட்டார்கள். சிலருக்குப் பணத்தைவிட “என்ன நடந்தது” என்ற பதில்தான் தேவைப்படுகிறது. அப்படியானால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுதி ஒரு விளக்கக் கூட்டம் கேட்பது வழக்கைவிடக் கெதியாகப் பலன் தரலாம். எது வேண்டும் என்பதைத் தம்பியே சொல்லட்டும். அவர் 26 வயது மனிதர், கடிதத்தில் அவருடைய விருப்பம் எங்கும் இல்லை.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொய்யா மரத்தால் விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த பிள்ளையை முறிவு நெறிவு வைத்தியரிடம் கொண்டுபோய் இறுக்கிக் கட்டுவித்து, இரண்டு நாள் கழித்து விரல்கள் கறுத்த பிறகு வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அங்கேயும் இதே கதைதான், நாடி மட்டும் வேறு. கட்டுப் போட்ட கையிலோ காலிலோ வலி கூடிக்கொண்டே போனால், விரலை மெல்ல நீட்டிவிடும்போது அலறினால், மரத்தால், குளிர்ந்தால், விடியும் வரை பார்க்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. இரவிலும் வரும்.

தங்கச்சி, இனி அம்மாவின் பயம். தம்பிக்குப் புத்தி பேதலிக்கவில்லை. கால் போனாலும் அந்தக் காலுக்கான இடம் மூளையில் அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்புகள் அங்கே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நோவது உண்மையான நோவு. அதற்கென்று மருந்துகள் இருக்கின்றன, சாதாரண வலிக்குளிசை கேட்காது. மிஞ்சிய காலைத் தினமும் நீவிவிடுவதும் ஒழுங்காகக் கட்டுவதும் பலருக்கு உதவும். இரண்டு காலுக்கும் இடையே நிலைக்கண்ணாடி வைத்து, நல்ல காலின் விம்பத்தைப் பார்த்தபடி விரல்களை அசைக்கும் பயிற்சியும் உண்டு. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்துக்குச் செயற்கைக் காலுக்காகப் போகும்போது அங்குள்ளவர்களிடம் இதையும் கேளுங்கள். அடுத்த கிளினிக்கில் தம்பி வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவார். நீங்கள் பக்கத்தில் இருந்து, “இல்லாத விரல் நோகுதாம்” என்று அவர் சொன்னபடியே சொல்லுங்கள். வைத்தியருக்கு விளங்கும்.